முயலின் இரண்டு இடது காதுகள்

எதையும் திருப்பிப் பார்க்காமல் கையில் வாங்காத என் அமுதா அக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன் பெயருக்கு இன்னும் தபால் வருகிறது. அதில் ஒன்றைப் பற்றி உன்னிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் நீ என்னைத் திட்டுவாய். திட்டு. நீ திட்டி நாளாகிறது.

அந்த முயல் பொம்மை ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாதவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்.

ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் பதினோரு வருடம் கடைசி மேசையில் உட்கார்ந்து, வெளியே போகும் ஒவ்வொரு மோட்டாரையும் பார்த்துப் பார்த்து முத்திரை வைத்தவள் நீ. சிறுநீரகம் கெட்டதும் ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரத்தில் இரண்டு நாள் பெங்களூருக்கு டயாலிசிஸ். மிச்ச ஐந்து நாள் உன் கைகளுக்கு வேலை இல்லை. அந்தக் கைகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும். சோற்றுப் பருக்கையைக்கூட வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாய்.

பாகலூர் ரோட்டு ஃபேன்சி கடையில் அந்தப் பெட்டியை நீயேதான் வாங்கி வந்தாய். ‘நீங்களே செய்யலாம் முயல்குட்டி’ என்று மேலே போட்டிருந்தது. உள்ளே வெட்டி வைத்த புசுபுசுத் துணிகள், பஞ்சு, நூல், ஊசி, இரண்டு கண், எப்படித் தைப்பது என்று படம் போட்ட தாள். வேறு யாராக இருந்தாலும் உடனே ஊசியில் நூல் கோத்திருப்பார்கள். நீ பழைய பேப்பரை விரித்து எல்லாவற்றையும் பரப்பி எண்ணினாய்.

“டேய், இங்க வா. இதுல என்ன தப்புன்னு சொல்லு.”

நான் பார்த்தேன். தரக்கட்டுப்பாட்டில் பயிற்சி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது எனக்கு. ஒன்றும் தெரியவில்லை.

“எல்லாம் இருக்கேக்கா. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு.”

“எண்ணிக்கையத்தான் பாப்பியா? உனக்கு எவன்டா வேலை குடுத்தான்?”

ஒரு காதை எடுத்து இன்னொரு காதின் மேல் வைத்தாய். வளைவு வளைவோடு, முடி முடியோடு, அச்சாகப் பொருந்தியது. முயலின் காது ஒரு பக்கமாக வளைந்த துண்டு. இடது காது ஒரு பக்கம் வளைய வேண்டும், வலது காது மறுபக்கம். உன் கையில் இருந்தது இரண்டுமே இடது காது.

பெட்டியில் இருந்த நம்பருக்கு மளிகைக் கடை ஒரு ரூபாய் போனிலிருந்து பேசினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பெண் சொன்னது எனக்கே கேட்டது.

“மேடம், நீங்க தப்பா தச்சிருப்பீங்க. படத்தைப் பாத்து தைங்க.”

“நான் இன்னும் ஊசியே எடுக்கலம்மா.”

“அப்ப தச்சுப் பாருங்க மேடம். தச்சா சரியா வந்துடும்.”

“எடது காதைத் தச்சா வலது காது ஆயிடுமா?”

“சின்னப் பசங்க பொம்மை மேடம். இதுக்குப் போயி...”

நீ போனை வைத்துவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். உன் மேசைக்கு எதிரே நின்று ‘இந்த ஒரு தடவை விட்டுடுங்க’ என்று கெஞ்சின சூப்பர்வைசர்களுக்கும் தெரியும்.

ஊசி ஏறி ஏறி உன் இடது கை வீங்கிக் கிடந்தது. வலது கையாலும் அதிக நேரம் பேனா பிடிக்க முடியவில்லை. நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன். துணியை முகத்துக்கு முகம் மடித்துப் போட்டு வெட்டினால் இடதும் வலதுமாக ஜோடி ஜோடியாக வரும், நீங்கள் மடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே அச்சால் வெட்டுகிறீர்கள், அதனால்தான் எல்லாம் ஒரே பக்கத்துக் காதாக வருகிறது. அந்தக் கம்பெனியின் வாசலைக்கூட நீ பார்த்ததில்லை. இரண்டு துண்டுத் துணியைத் தொட்டுப் பார்த்து இவ்வளவும் சொன்னாய். கடைசியில் ஒன்று சொன்னாய்.

“ஆளைக் குத்தம் சொல்லி ஒரு வரியும் எழுதாத. எப்பிடி வெட்றாங்கன்னு மட்டும் பாக்கச் சொல்லு.”

சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாய். அன்று காலைதான் பெங்களூரிலிருந்து திரும்பியிருந்தாய்.

இப்போது கேள். அந்தப் பெட்டிக்குள் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு சீட்டு இருந்தது. ‘பேக்கிங்: 17’. எங்கள் கம்பெனியில் கழித்துக் கட்டும் பொருளுக்கு ஒரு சிவப்பு அட்டை எழுதுவோம். அதில் யார் செய்தது என்ற இடத்தில் ஆள் நம்பர் இல்லாவிட்டால் அட்டை திரும்பி வந்துவிடும். எட்டு மாதத்தில் என் கை அதற்குப் பழகிவிட்டது. நம்பர் இல்லாத புகாரைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தபோது கடிதத்தின் அடியில் ‘பேக்கிங் எண் 17’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டு, உறையை ஒட்டினேன். எழுந்ததும் “போஸ்ட் பண்ணிட்டியா?” என்று மட்டும் கேட்டாய். “ம்” என்றேன்.

அடுத்த வாரம் நீ போய்விட்டாய்.

அந்தக் கம்பெனியிடமிருந்து பதில் போன மாதம்தான் வந்தது, ஒரு பார்சலோடு. ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, தங்கள் புகாரின் பேரில் சம்பந்தப்பட்ட ஊழியர் எண் 17 பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எங்கள் அன்புப் பரிசாகப் புதிய முயல்குட்டிப் பெட்டி ஒன்றை இத்துடன் இணைத்துள்ளோம்.’

மகிழ்ச்சியுடன். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தவன் மனிதன்தானா அக்கா?

அம்மா அந்தப் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, “செத்த புள்ளைக்குப் பொம்மையா அனுப்புறாய்ங்க” என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். நான் அதை எடுத்துப் பிரித்தேன். உன்னைப் போலவே பேப்பர் விரித்தேன். காதின் மேல் காதை வைத்தேன்.

பொருந்தியது. இரண்டும் இடது. சீட்டில் ‘பேக்கிங்: 22’ என்று இருந்தது.

பதினேழாம் நம்பரைத் துரத்திய பிறகு இருபத்திரண்டாம் நம்பர் கட்டிய பெட்டியிலும் அதே தப்பு. இதைவிடச் சாட்சி வேண்டுமா? சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுவிட்டு இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். கிருஷ்ணகிரி போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். மேனேஜர் பெங்களூர்க்காரர். முதலில் நல்லபடியாகத்தான் பேசினார், டீ வரவழைத்தார். நான்கு காதுகளையும் அவர் மேசையில் வரிசையாக வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நோடி, பாருங்க சார், பதினேழு போயிட்டா. இருபத்திரண்டையும் அனுப்பிடறோம். திருப்தியா?”

டீயைத் தள்ளி வைத்தேன்.

“யாரையும் அனுப்ப வேணாம் சார். துணிய மடிச்சு வெட்டுங்க.”

“மடிச்சா இந்தத் துணி வழுக்கும். ஷிப்டுக்குப் பாதிதான் வெட்ட முடியும்.”

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் கடிதத்தைப் படித்து, நீ சொன்னது சரி என்று புரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணை நிறுத்தியிருக்கிறார்.

“தெரிஞ்சே எதுக்கு சார் அந்தப் பொண்ணை நிறுத்துனீங்க?”

“கம்ப்ளைண்ட் வந்தா ஆக்‌ஷன் எடுத்தோம்னு ஃபைல்ல காட்டணும். லெட்டர்ல நம்பர் போட்டு அடிக்கோடு வேற போட்டிருக்கு. நீங்களும் தரக்கட்டுப்பாடுன்னு சொல்றீங்க, உங்க கம்பெனில என்ன பண்றீங்க?”

எங்கள் சிவப்பு அட்டைதான் ஞாபகம் வந்தது.

அவளைத் திரும்ப எடுங்கள் என்றேன். புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினால் எடுக்கலாம் என்றார். புகார் கொடுத்தவர் செத்துவிட்டார் என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“தம்பிதானே, நீங்களே எழுதிக் குடுங்க. பெட்டி சரியாத்தான் இருந்தது, அவங்களுக்குத் தைக்கத் தெரியலேன்னு. எழுதினா திங்கக்கிழமையே அவளை வரச் சொல்றேன். போனவங்க வந்து கேக்கவா போறாங்க?”

தாளைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பதினேழாம் நம்பர் எங்கே என்று கேட்டேன். அவர்களிடம் விவரம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் ஒரு ரோஜாப் பண்ணை. அவள் பெயரை இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன். மாதேவி என்று வைத்துக்கொள். நாட்றாம்பாளையத்து மலைப்பிள்ளை. இருபது வயது இருக்கும். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் மருந்து அடித்திருந்தார்கள். வெளியே வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கையெல்லாம் முள் கீறல்.

கம்பெனி பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

“அங்கிருந்து வர்றீங்களா? நான் ஒண்ணும் எடுத்துக்கினு வரலைங்கண்ணா.”

இல்லை, புகார் எழுதிய வீட்டிலிருந்து வருகிறேன் என்றேன். மறுபடி உட்கார்ந்தாள்.

“நான் காதைப் பாக்கலைண்ணா. பாக்கவும் உட மாட்டாங்க. பெட்டிய தராசு மேல வெக்கணும். எடை சரியா இருந்தா பச்சை லைட்டு எரியும். எரிஞ்சா மூடணும். எரிஞ்சுது, மூடினேன்.”

அக்கா, இது உனக்குக்கூடத் தெரிந்திருக்காது. எண்ணுவதற்குப் பதிலாக எடை போடுகிறார்கள். இடது காதும் வலது காதும் ஒரே எடை. ஜென்மத்துக்கும் அந்தத் தராசு இந்தத் தப்பைப் பிடிக்காது. பிரித்துப் பார்த்தால் வரிசை நின்றுபோகும் என்று பிரிக்கவும் விடுவதில்லை. பார்க்காதே என்று சொல்லி வைத்துவிட்டு, பார்க்கவில்லை என்று நிறுத்தியிருக்கிறார்கள்.

“உங்க அக்கா எதுக்குண்ணா என் நம்பரை எழுதினாங்க?”

“அக்கா எழுதல. நான் எழுதினேன்.”

“உங்களுக்கு என்னைத் தெரியுமா?”

“தெரியாது.”

“பின்ன எதுக்கு எழுதினீங்க?”

அதட்டிக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள். இத்தனை மாதமாக எத்தனை சிவப்பு அட்டைகளில் எத்தனை நம்பர் எழுதியிருக்கிறேன்? அந்த நம்பர்கள் ஒவ்வொன்றும் எங்கேயோ உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறதா?

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் ஆள் அனுப்புகிறவர் ஒரே கான்ட்ராக்டர். ‘கம்ப்ளைண்ட்ல போன பொண்ணு’ என்று அவர் நோட்டில் குறித்துவிட்டார், அதனால் வேறு எங்கும் எடுக்கவில்லை. பண்ணை மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் மாமன் வந்து ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார், அவருக்கே கட்டி வைத்துவிடுவார்கள்.

“அவருக்கு முப்பத்தெட்டு வயசுண்ணா” என்றாள்.

மேனேஜர் கேட்டதைச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

“எழுதிக் குடுத்துடுங்கண்ணா.”

“அது பொய்யிம்மா. எங்க அக்கா சொன்னது நிஜம். அவ பதினோரு வருசம்...”

“பிடண்ணா” என்றாள் கன்னடத்தில், விட்டுத் தள்ளு என்கிற மாதிரி. “பொய்யின்னு எனக்குத் தெரியாதா? உங்க அக்கா செத்துட்டாங்க. இனிமே அவங்களை யாரு வேலைய உட்டுத் தூக்கப் போறாங்க?”

கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். எழுந்து இரண்டு அடி நடந்தும்விட்டேன். உன்னைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பிறகு, உன் தம்பி எழுதியதால் வேலை போனவள் இவள், உன்னைப் பற்றி இவள் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியது. திரும்பி வந்து, எழுதித் தருகிறேன் என்றேன். அவள் நன்றி சொல்லவில்லை. “திங்கக்கிழமைக்குள்ள குடுத்துடுவீங்களா?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“தைக்கத் தெரியாதுன்னா எழுதப் போற? எம் புள்ளைக்கா? ஏழாப்புல அவ தச்ச பாவாடைய இன்னும் பெட்டியில வச்சிருக்கேன்டா.”

“எழுதலைன்னா அந்தப் பொண்ணு...”

“தெரியுது. காது கேக்குது.” முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். “எழுதிட்டுப் போ. எங்கிட்ட மட்டும் படிச்சுக் காட்டாத.”

மறுநாள் காலையிலேயே போனேன். மேனேஜர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்றார். ‘என் சகோதரி பொருளைச் சரியாகப் பார்க்காமல்’ என்று ஆரம்பித்தார். எழுதினேன். ‘உடல்நிலை சரியில்லாத காரணத்தால் மனக் குழப்பத்தில்’ என்றார். பேனாவை வைத்துவிட்டேன்.

“அது எதுக்கு சார்? தைக்கத் தெரியலேன்னுதானே சொன்னீங்க?”

“அப்படி இருந்தாத்தான் ஃபைல் ஸ்டிராங்கா இருக்கும். வேணாம்னா விடுங்க, நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல.”

அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் தராசுகள் வரிசையாக இருந்தன, பச்சை லைட்டுகள் எரிந்து எரிந்து அணைந்தன. வாசல் ஓரமாக மாதேவி நின்றிருந்தாள், சீருடைச் சட்டையைத் துவைத்து மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதினேன் அக்கா. மனக் குழப்பம் என்று எழுதினேன். நீ சாவதற்கு முதல் நாள்கூட நர்ஸ் தப்பான பாட்டிலை மாட்ட வந்தபோது பெயரைப் படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியவள் நீ. உனக்கு மனக் குழப்பம் என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆள் தாளை வாங்கி ஊதிக் காயவைத்து ஃபைலில் போட்டுவிட்டு, “டீ?” என்றார்.

மாதேவி உள்ளே போனாள். அவளுக்கு வேலை கிடைத்தது. பதினேழை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதால் இப்போது அவள் நம்பர் முப்பத்தொன்று. கான்ட்ராக்டர் நோட்டிலும் அடித்துவிட்டார்களாம். தையில் ஊருக்கு வரவில்லை என்று மாமனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாளாம். இது ஒன்றுதான் உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் நல்ல சேதி. துணியை இன்னும் மடிக்கவில்லை. போன வாரம் அதே ஃபேன்சி கடையில் பார்த்தேன், புதுப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள், தங்களுக்குத்தான் தைக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு தைத்ததைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்களோ?

நான் செய்தது சரியா? அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மாதேவியைக் கேட்டால் சிரிப்பாள். உன்னைத்தான் கேட்க வேண்டும், நீ இல்லை. ஒரு பெண்ணின் வயிற்றுப்பாட்டை ஒரு பக்கமும் செத்தவளின் பெயரை மறுபக்கமும் வைத்து, எது வேண்டும் என்று அந்த மனுஷன் கேட்டான். அப்படிக் கேட்க அவனுக்கு என்ன உரிமை என்று நான் கேட்கவில்லை. அந்த மேசையில் அதற்கு இடம் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த ஃபைலில் இருப்பது பொய். அதை எழுதியவனே சொல்கிறேன். என் அக்கா அமுதா கடைசிவரை தெளிவாக இருந்தாள். அவள் புகாரில் ஒரு வரிகூடத் தப்பில்லை. தப்பான ஒரே வரி நான் சேர்த்தது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நேற்று எங்கள் கம்பெனியில் நாற்பது துண்டு கழிவாக விழுந்தது, அச்சு தேய்ந்துபோனதால். சிவப்பு அட்டையில் ஆள் நம்பர் எழுதும் இடத்தில் அச்சின் நம்பரை எழுதினேன். சூப்பர்வைசர் அட்டையை என் மேசையில் எறிந்து, “ஆளு நம்பர் எங்கய்யா?” என்றார். “ஆளு தப்புப் பண்ணல சார்” என்றேன். பயிற்சி முடியும் மாதத்தில் இந்த வேலை வேண்டாம் என்று யோசித்துக்கொள் என்றார். யோசித்துவிட்டேன். நாளைக்கும் அச்சின் நம்பரைத்தான் எழுதுவேன். துரத்தினால் அடுத்த கம்பெனியிலும் அதையே எழுதுவேன்.

உன் பேச்சை ஒருமுறை மீறிய,
தம்பி சரவணன்